ஆர்சி கார் பந்தயத்தில் சீராக ஓட்டுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரேடியோ கட்டுப்பாட்டில் ஓடும் கார்களைக் கொண்டு கிளப் அளவில் பந்தயம் ஓட்டத் தொடங்குபவர்கள் முதல் சில மாதங்களில் கேட்கும் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. கார்களைச் சரிசெய்யும் பிட் மேசையில் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களையும் அவற்றுக்குச் சொல்லிவந்த பதில்களையும் எளியதிலிருந்து சிக்கலானது வரை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். உண்மையான காரில் பத்தில் ஒரு பங்கு (1/10) அளவுள்ள, பின்சக்கரங்களால் மட்டும் ஓடும் மின்சார பக்கி என்ற மேடுபள்ளத் தரைக்கான வண்டியையும் ஐந்து நிமிட ஓட்டத்தையும் மனத்தில் வைத்தே பெரும்பாலான பதில்களை எழுதியிருக்கிறேன். மற்ற பிரிவுகளுக்கு வேறுபாடு இருக்கும் இடங்களில் அதைக் குறிப்பிட்டிருக்கிறேன்.

சீராக ஓட்டு, சீராக ஓட்டு என்கிறார்கள். வேகமாக ஓட்டுகிறவர்தானே ஜெயிப்பார்?

முடிவு எழுதப்படும் முறையைப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும். ஐந்து நிமிடம் ஆனதும் கார்கள் நின்ற இடத்தில் நிறுத்தப்படுவதில்லை. ஒவ்வொருவரும் ஓடிக்கொண்டிருக்கும் லேப்பை, அதாவது ட்ராக்கின் ஒரு சுற்றை, முடித்த பிறகுதான் அவருடைய கணக்கு மூடப்படுகிறது. அதனால் முடிவு "15 லேப், 5 நிமிடம் 16 வினாடி" என்பதுபோல் வரும். லேப் அதிகம் எடுத்தவர் முன்னால். லேப் சமமானால் நேரம் குறைவாக எடுத்தவர் முன்னால். யார் ஒரே ஒரு லேப்பை மிக வேகமாக ஓட்டினார் என்பதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

ஒருவர் ஒவ்வொரு லேப்பையும் 20 வினாடியில் முடிக்கிறார், ஆனால் இரண்டு முறை கவிழ்ந்து முறைக்கு 8 வினாடி இழக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் 15 லேப்பை 5 நிமிடம் 16 வினாடியில் முடிப்பார். இன்னொருவர் லேப்புக்கு 21 வினாடி எடுத்துக்கொண்டு எங்கும் முட்டாமல் ஓட்டினால் அதே 15 லேப்பை 5 நிமிடம் 15 வினாடியில் முடித்து அவருக்கு முன்னால் நிற்பார். முதலாமவர் மூன்றாவது முறையும் கவிழ்ந்தாரானால் 14 லேப்போடு நின்றுவிடுவார். லேப்புக்கு ஒரு வினாடி என்பது கிளப் பந்தயத்தில் சாதாரண இடைவெளி அல்ல. அதையும் சில முட்டல்கள் தின்றுவிடுகின்றன.

நான் சீராக ஓட்டுகிறேனா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காரில் பொருத்தப்பட்ட டிரான்ஸ்பாண்டர் என்ற சிறு கருவி, ட்ராக்குக்கு அடியில் பதிக்கப்பட்ட கம்பி வளையத்தைக் கடக்கும்போதெல்லாம் நேரம் பதிவாகிறது. ஓட்டம் முடிந்ததும் உங்கள் லேப் நேரங்கள் ஒவ்வொன்றையும் அச்சிட்டோ திரையிலோ பார்க்கலாம். பெரும்பாலானோர் அதில் மிகக் குறைந்த எண்ணை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள். பார்க்கவேண்டியது சராசரி நேரத்துக்கும் சிறந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியை. உங்கள் சிறந்த லேப் 21.3 ஆகவும் சராசரி 23.5 ஆகவும் இருந்தால், காரில் புதிதாக எதையும் வாங்கிப் போடாமலே உங்களிடம் லேப்புக்கு இரண்டு வினாடி இருக்கிறது என்று பொருள்.

வரிசையையும் பாருங்கள். 21.4, 21.6, 21.3, 29.8, 23.1, 21.5 என்று ஒரு தாள் இருக்கிறதென்றால், 29.8 என்பது கவிழ்ந்த லேப் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கடுத்த 23.1-தான் பலர் கவனிக்காதது. கவிழும் கார்களை நிமிர்த்த ட்ராக்கில் நிற்கும் மார்ஷல் காரை நிமிர்த்திவைத்த பிறகும் ஓட்டுபவருடைய பதற்றம் ஒரு லேப் நீடித்திருக்கிறது. முட்டலின் உண்மையான விலை இந்த இரண்டு லேப்களும் சேர்ந்ததுதான்.

தொடங்குவதற்கு எந்த மோட்டார், எந்த வண்டி நல்லது?

உங்கள் கிளப்பில் அதிகம் பேர் எதை ஓட்டுகிறார்களோ அதை வாங்குங்கள். உதிரிபாகமும் ஆலோசனையும் அங்கேயே கிடைக்கும். மோட்டாரில் டர்ன் எண் (கம்பிச் சுற்றுகளின் எண்ணிக்கை) கூடக் கூட வேகம் குறையும். 17.5 டர்ன் மோட்டார் கற்பவருக்குத் தாராளமாகப் போதும். 6.5 டர்ன் மோட்டாரைப் போட்டுக்கொண்டு, ரிமோட்டில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ட்ரிகரைப் பாதி மட்டும் இழுத்து ஓட்டுவேன் என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். விரல் அந்த வாக்குறுதியைக் காப்பாற்றுவதில்லை. நான்கு சக்கர இழுவை உள்ள பக்கி ஓட்டச் சற்று எளிது, பராமரிக்கச் சற்றுக் கடினம். பின்சக்கர வண்டியோ வளைவிலிருந்து வெளிவரும்போது ட்ரிகரை அவசரமாக இழுத்தால் உடனே சுழன்றுவிடும். விரலுக்குப் பொறுமை கற்றுத் தருவதால் நான் பின்சக்கர வண்டியையே பரிந்துரைப்பேன்.

கார் என்னை நோக்கி வரும்போது இடதும் வலதும் மாறிப்போகிறது. இது எப்போது சரியாகும்?

கார் உங்களை விட்டு விலகிச் செல்லும்போது அதன் வலம் உங்கள் வலம். உங்களை நோக்கி வரும்போது அதன் வலம் உங்கள் இடப்பக்கம். "வரும்போது தலைகீழாகத் திருப்பவேண்டும்" என்று விதியாக மனப்பாடம் செய்துகொண்டால், அதை நினைவுகூரும் நேரத்தில் கார் ட்ராக்கின் ஓரத்தில் போட்டிருக்கும் குழாயில் ஏறிவிடும். காருக்குள் நீங்கள் அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொண்டு அதன் வலத்துக்குத் திருப்பும் பழக்கம்தான் நிலைத்து நிற்கும்.

காலியான இடத்தில் சில மீட்டர் இடைவெளியில் இரண்டு கூம்புகளை வைத்து, ஒரே இடத்தில் நின்றபடி அவற்றைச் சுற்றி எட்டு வடிவத்தில் மெதுவாக ஓட்டுங்கள். வெறும் வட்டத்தில் மட்டும் ஓட்டினால் ஒரு பக்கத் திருப்பம் மட்டுமே பழகும். எட்டு வடிவத்தில் இரு பக்கமும், விலகிச் செல்வதும் நெருங்கி வருவதும் கலந்து வரும். காருக்குப் பின்னாலேயே உடலைத் திருப்பிக்கொண்டு நிற்காதீர்கள். எல்லோரும் சேர்ந்து நின்று ஓட்டும் ஓட்டுமேடையில் அதற்கு இடமிருக்காது.

ஓட்டும்போது கண் எங்கே இருக்கவேண்டும்?

உங்கள் காரிலும் அது அடுத்துச் செல்லவேண்டிய ஓரிரண்டு மீட்டர் பாதையிலும். தொடக்கநிலையில் பலர் காரையே உற்றுப் பார்க்கிறார்கள். வளைவு வந்த பிறகுதான் திருப்ப நினைக்கிறார்கள், அதனால் எல்லாத் திருப்பமும் தாமதமாகவும் திடீரென்றும் நடக்கிறது. கார் வளைவின் உள்விளிம்பை நெருங்கும்போதே கண் வெளியேறும் இடத்துக்குப் போய்விடவேண்டும். பக்கத்தில் நிற்பவரின் கார் எங்கே கவிழ்ந்தது என்று எட்டிப்பார்ப்பதுதான் உங்கள் கார் கவிழ்வதற்கு மிக எளிய வழி.

மேடையில் எப்போதும் ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்க முயலுங்கள். நிற்கும் இடம் மாறினால் ஒவ்வொரு வளைவும் கண்ணுக்கு வேறு கோணத்தில் தெரியும். எங்கே ட்ரிகரை விடவேண்டும் என்று நீங்கள் வைத்திருந்த அடையாளங்கள் பயனற்றுப் போகும்.

பேட்டரி பேட்டரியாக ஓட்டிப் பழகுகிறேன். ஆனாலும் முன்னேற்றம் தெரியவில்லையே?

எந்த நோக்கமும் இல்லாமல் ஓட்டுவதுதான் காரணம். முதலில் ட்ராக்கை ஒருமுறை நடந்து பாருங்கள். மேடையிலிருந்து தெரியாத பள்ளங்களும் சரிவுகளும் காலுக்குத் தெரியும். பிறகு உங்கள் வேகத்தில் எட்டில் ஏழு பங்கு, அல்லது அதற்கும் குறைவாக வைத்துக்கொண்டு, முட்டாமல் தொடர்ந்து ஐந்து லேப் எடுப்பதை மட்டும் இலக்காகக் கொள்ளுங்கள். குழாயை உரசினாலும் எண்ணிக்கை பூச்சியத்துக்குத் திரும்பும். ஐந்து எளிதாக வந்தால் பத்து. பத்து வந்தால் ஐந்து நிமிடம் முழுவதும்.

இந்தப் பயிற்சி சலிப்பூட்டும் என்பதை மறுக்கமுடியாது. நான்காவது லேப்பில் கவனம் நழுவுவதும், ஒன்பதாவது லேப்பில் "இன்னும் ஒன்றுதான்" என்ற எண்ணம் வந்ததும் கை இறுகுவதும் பந்தயத்தில் நடப்பவைதான். அவற்றைப் பயிற்சியிலேயே சந்தித்துவிடுவது நல்லது. எப்போதும் முட்டுவது ஒரே வளைவில் என்று தெரியவந்தால், அந்த வளைவுக்குள் நுழையும் வேகத்தை மட்டும் குறையுங்கள். மற்ற இடங்களில் மாற்றம் தேவையில்லை.

ரிமோட்டில் இத்தனை அமைப்புகள் இருக்கின்றன. எதைத் தொடவேண்டும்?

வரிசை முக்கியம். முதலில் ட்ரிம்: ஸ்டீயரிங்கைத் தொடாமல் விட்டால் கார் நேராக ஓடவேண்டும். அடுத்து எண்ட் பாயிண்ட்: முழுமையாகத் திருப்பும்போது, சக்கரத்தைத் திருப்பும் சர்வோ மோட்டார் முனகாமல், இரு பக்கமும் சமமாகத் திரும்பும் அளவில் எல்லையை வையுங்கள். அதற்குப் பிறகு டூயல் ரேட்டால் மொத்தத் திருப்பத்தின் அளவைக் கூட்டலாம், குறைக்கலாம். ட்ராக்கின் மிகக் குறுகிய வளைவைத் திரும்ப எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு போதும்; அதற்கு மேலிருப்பதெல்லாம் காரைச் சுழற்றவே பயன்படும்.

எக்ஸ்போனென்ஷியல் என்பது நடுப்பகுதியில் ஸ்டீயரிங்கின் கூர்மையை மட்டுப்படுத்துவது. கை நடுங்குபவர்களுக்கு நேர்ப்பாதையில் இது பெரிய உதவி. சில நிறுவனங்களின் ரிமோட்டில் கழித்தல் குறியும் வேறு சிலவற்றில் கூட்டல் குறியும் மென்மையைக் குறிக்கும் என்பதால், மாற்றியவுடன் ஸ்டீயரிங்கைச் சிறிது திருப்பிச் சக்கரத்தைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். ப்ரேக்கின் அளவை, முழுமையாக அழுத்தினாலும் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு கார் திரும்பிவிடாத அளவுக்குக் குறைத்து வையுங்கள். பிறகு ஒரு மாதம் எதையும் தொடாதீர்கள்.

ஒரே செட்டப்தான், ஆனால் கார் ஒருநாள் ஒருமாதிரி ஓடுகிறது. ஏன்?

இந்தக் கேள்வியைக் கொண்டுவருபவரின் காரை வாங்கி மேசையில் வைத்து முன்சக்கரத்தை இரு விரலால் பிடித்து ஆட்டினால், பெரும்பாலும் விடை விரலிலேயே கிடைத்துவிடும். சர்வோவை மோதலின் அதிர்ச்சியிலிருந்து காக்கும் சர்வோ சேவர் தளர்ந்திருக்கும், ஸ்டீயரிங் இணைப்புகளில் ஆட்டம் இருக்கும், அல்லது பேரிங் தேய்ந்திருக்கும். அதிர்வைத் தாங்கும் ஷாக்குகளைக் கழற்றி அழுத்திப் பார்த்தால் ஒன்றில் எண்ணெய் கசிந்து காற்று புகுந்திருக்கும்; மற்றது சரியாக இருக்கும். டயர் ரிம்மில் ஒட்டிய பசை ஓரிடத்தில் விட்டுப்போயிருந்தால் வளைவில் மட்டும் அது விரிந்து, கார் எப்போதாவது காரணமே இல்லாமல் வழுக்கும். பின்புறச் சஸ்பென்ஷன் கை ஒன்றைப் பிணைக்கும் ஊசி வளைந்திருந்தால் சஸ்பென்ஷன் தன் எடையில் கீழே விழாமல் பாதியில் நின்றுவிடும். இவற்றில் எதுவும் செட்டப் பிரச்சினை அல்ல, பராமரிப்புப் பிரச்சினை. இவை இருக்கும்வரை செட்டப்பில் செய்யும் மாற்றத்தின் பயனை உங்களால் கணிக்கவே முடியாது.

வண்டி சரியாக இருக்கிறதென்று உறுதியான பிறகு டயரைப் பாருங்கள். அந்த ட்ராக்கில் வேகமாக ஓடுபவர்கள் எந்த டயர் போடுகிறார்களோ அதையே போடுங்கள். டயர் தவறாக இருக்கும்போது ஷாக் எண்ணெயையும் சக்கரம் சாய்ந்திருக்கும் கேம்பர் கோணத்தையும் மாற்றிக்கொண்டிருப்பது நேர விரயம். அதற்குப் பிறகும் மாற்றவேண்டியிருந்தால் ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, குறித்துவைத்து, சராசரி நேரத்தைக் கொண்டு முடிவுசெய்யுங்கள். ஓட்டுவதற்கு எளிதாக உணரவைக்கும் செட்டப், ஒற்றை லேப்பில் வேகமான செட்டப்பைவிட உங்களுக்கு நல்லது.

ஜம்ப்பில் கார் மூக்குக் குத்தி விழுகிறது. ட்ரிகரை எப்போது விடவேண்டும்?

ஜம்ப்பின் உச்சியை நெருங்கும்போது ட்ரிகரைத் திடீரென்று விட்டால் முன்பக்கம் கீழே சாயும். மேலே ஏறும்வரை சீரான விசையோடு போங்கள். காற்றில் இருக்கும்போதும் ஓரளவு திருத்தலாம்: ட்ரிகரை இழுத்தால் சக்கரங்கள் வேகமெடுக்கும், அதன் எதிர்விளைவாக மூக்கு மேலே எழும், ப்ரேக் பிடித்தால் மூக்கு தாழும். நான்கு சக்கரங்களும் சுழலும் வண்டியில் இந்த விளைவு வலுவாகவும் பின்சக்கர வண்டியில் குறைவாகவும் இருக்கும். ஆகவே பின்சக்கர வண்டி ஓட்டுபவர் காற்றில் திருத்துவதை நம்பாமல் தரையிலேயே சரியான வேகத்தில் ஏறவேண்டும்.

அடுத்தடுத்து இரண்டு மேடுகள் உள்ள இரட்டை ஜம்ப்பை ஒரே தாவலில் கடக்க முடிகிறது என்பதற்காகக் கடக்கவேண்டியதில்லை. பத்தில் மூன்று முறை விழுகிறீர்களென்றால் முதல் கேள்வியில் பார்த்த கணக்கைப் போட்டுப் பாருங்கள். தாவாமல் மேடுகளின் மேல் உருட்டிச் செல்வது பெரும்பாலும் மலிவாக இருக்கும்.

பயிற்சியில் நன்றாக ஓட்டுகிறேன். பந்தயம் என்றதும் கை நடுங்குகிறது. என்ன செய்வது?

தகுதிச் சுற்றில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பப்படும். உங்கள் கார் முதன்முறை வளையத்தைக் கடக்கும்போதுதான் உங்கள் ஐந்து நிமிடம் தொடங்கும். அங்கே முன்னால் போகும் காரை முந்தவேண்டிய அவசியமே இல்லை. நீங்கள் ஓடுவது கடிகாரத்துக்கு எதிராக. இதை உணர்ந்ததுமே பலருக்குப் பாதி நடுக்கம் போய்விடுகிறது. இறுதிச் சுற்றில் எல்லோரும் சேர்ந்து புறப்படுவார்கள். முதல் வளைவில் கார்கள் குவிவது ஏறத்தாழ உறுதி. அரை வினாடி பொறுத்து அந்தக் குவியலைச் சுற்றிப் போகிறவர் அங்கேயே இரண்டு மூன்று இடம் முன்னேறிவிடுவார்.

நடுக்கம் முழுவதும் போகாது. அது இருக்கும்போதும் ஓட்டப் பழகிக்கொள்வதற்குத்தான் மேலே சொன்ன எண்ணிக்கைப் பயிற்சி. முதல் இரண்டு லேப்பை வேண்டுமென்றே மெதுவாக ஓட்டுவதும், மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறோமா என்று நேர்ப்பாதையில் கவனிப்பதும் உதவும்.

கவிழ்ந்தபின் மார்ஷல் வரும்வரை நான் என்ன செய்யவேண்டும்?

ட்ரிகரிலிருந்து விரலை எடுக்கவேண்டும். சுழலும் சக்கரத்தில் கைவைக்க எந்த மார்ஷலும் தயங்குவார். அந்தத் தயக்கம் உங்கள் நேரம். காயமும் ஏற்படலாம். மேடையிலிருந்து "மார்ஷல்!" என்று கத்துவதால் அவர் வேகமாக வரப்போவதில்லை. அவரும் உங்களைப் போல் ஓட்டிவிட்டு, முறைப்படி அங்கே வந்து நிற்பவர்தான். காரை வைத்தபின் பின்னால் வருகிறவர்கள் கடந்ததும் பாதைக்குள் நுழையுங்கள். இழந்த நேரத்தை அதே லேப்பில் மீட்க முயல்வதால்தான் இரண்டாவது கேள்வியில் காட்டிய 23.1 போன்ற லேப் வருகிறது.

வேகமானவர்கள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டால் வழிவிடவேண்டுமா?

உங்களை ஒரு லேப் முந்தப்போகிறவருக்கும், தகுதிச் சுற்றில் உங்களைவிட வேகமாக வருபவருக்கும் வழிவிடுவது வழக்கம். ஆனால் பாதையின் நடுவில் திடீரென்று நிற்பது வழிவிடுதல் அல்ல. அவர் உங்கள் மீது ஏறிவிடுவார். உங்கள் வழக்கமான பாதையிலேயே வந்து, அடுத்த வளைவில் சற்று அகலமாகத் திரும்புங்கள். அவர் உள்ளே புகுந்து போய்விடுவார், உங்களுக்கு அரை வினாடிகூடச் செலவாகாது. இடத்துக்காகப் போட்டியிடும் சமநிலைக்காரருக்கு இப்படி வழிவிடவேண்டியதில்லை. முட்டாமல் முந்துவது அவருடைய பொறுப்பு.

கார்பெட் விரித்த ட்ராக்கில் ஓட்டினால் கார் வளைவில் உருண்டுவிடுகிறது. வேகத்தைக் குறைத்தும் பயனில்லை.

பிடிப்பு அளவுக்கு மீறிப் போயிருக்கிறது. மண் ட்ராக்கில் டயர் வழுக்கித் தப்பித்துக்கொள்ளும். கார்பெட்டில் வழுக்காமல் பிடித்துக்கொள்வதால் காரின் உடல் கவிழ்கிறது. நாள் முழுவதும் ஓடி ஓடி ரப்பர் படிந்த மாலை நேரத்தில் இது கூடும். தரையிலிருந்து காரின் உயரத்தைச் சற்றுக் குறைப்பதும், முன்டயர்களின் வெளிப்பக்கச் சுவரில் சூப்பர் குளுவை மெல்லிய படலமாகப் பூசி உலரவிடுவதும் பலரும் செய்யும் தீர்வுகள். ஸ்டீயரிங்கை வெடுக்கென்று திருப்பும் பழக்கம் இருந்தால் எந்தப் பசையும் காப்பாற்றாது. வேகத்தைக் குறைத்தும் உருள்கிறதென்றால் அதைத்தான் முதலில் சந்தேகிக்கவேண்டும்.

இது பிறவித் திறமையா? முப்பது வயதுக்கு மேல் தொடங்கினால் வராதா?

ஜப்பானின் மசாமி ஹிரோசாகா பதின்ம வயதிலேயே, 1987-இல், உலகப் பட்டம் வென்றார். மொத்தம் 14 முறை உலகப் பட்டம் பெற்றார். அந்த உயரத்துக்கு இளமையும் இயல்பான திறமையும் வேண்டியிருக்கலாம். கிளப் பந்தயத்தின் நடுவரிசையில் அவை ஒரு பொருட்டல்ல. அங்கே தீர்மானிப்பது ட்ரிகரை எங்கே விடுவது என்ற முடிவுதான், அதை எந்த வயதிலும் எடுக்கலாம்.

இப்போது முட்டுவதே இல்லை. ஆனாலும் கடைசியில்தான் வருகிறேன். இனி என்ன?

வேகத்தைக் கூட்டும் நேரம் வந்துவிட்டது. இதைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியவை எல்லாம் மெதுவாக ஓட்டுவதற்கான ஆலோசனையாகிவிடும். எல்லா இடத்திலும் ஒரேயடியாகக் கூட்டாதீர்கள். ஒரு வளைவைத் தேர்ந்தெடுத்து, அதிலிருந்து வெளிவரும்போது ட்ரிகரை முன்பைவிடச் சற்று முன்னதாகத் தொடுங்கள். அதற்கு முதலில் உள்ளே நுழையும்போது சற்று முன்னதாக மெதுவாக்கி, காரின் மூக்கை வெளியேறும் திசைக்குத் திருப்பியிருக்கவேண்டும். பெரும்பாலானோர் நேரத்தைத் தேடுவது நுழைவில்; அது இருப்பது வெளியேறுவதில், குறிப்பாக நீண்ட நேர்ப்பாதைக்குள் கொண்டுவிடும் வளைவில்.

உங்களைவிடச் சிறிது வேகமான ஒருவருக்குப் பின்னால் பயிற்சியில் சில லேப் ஓட்டிப் பாருங்கள். முதலிடக்காரருக்குப் பின்னால் போனால் இரண்டு வளைவில் அவர் கண்ணைவிட்டு மறைந்துவிடுவார், கற்க எதுவும் இருக்காது. வேகத்தைக் கூட்டியதும் சில வாரம் சராசரி கெடும்; இரண்டாவது கேள்வியில் சொன்ன இடைவெளி மறுபடி குறையத் தொடங்குகிறதா என்று பார்த்து அடுத்த வளைவுக்குப் போங்கள்.

ஐந்து நிமிடம் சீராக ஓட்டுகிறேன். எரிபொருள் பக்கிகளின் அரைமணி நேர இறுதிச் சுற்றில் தடுமாறுகிறேனே?

1/8 நைட்ரோ பக்கிகளின் இறுதிச் சுற்று அரைமணி, முக்கால் மணி நேரம் நீளும். உலகப் போட்டியில் ஒரு மணி நேரம். தொட்டி 125 மில்லி மட்டுமே கொள்ளும் என்பதால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை பிட்டுக்குள் வந்து நிரப்பவேண்டும். ஆகவே இங்கே கவனத்தைப் பகுத்துக்கொள்ளவேண்டும். ஒரு நிரப்பலுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்டதை ஒரு தனி ஓட்டமாக எண்ணிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட ஓட்டத்தில் பெற்ற பழக்கம் அப்போது அப்படியே பயன்படும்.

நிரப்புபவரோடு முன்கூட்டியே பேசிவைப்பது அவசியம். எந்த நிமிடத்தில் அழைப்பார், என்ன சொல்லி அழைப்பார், எந்தப் பக்கம் நிற்பார் என்பது தீர்மானமாகியிருந்தால் உங்கள் கண் காரைவிட்டு அகலவேண்டியதில்லை. மீதி நேரத்தையும் முன்னால் இருப்பவருடனான இடைவெளியையும் அவர் சொல்லட்டும். அதுவும் கார் நேர்ப்பாதையில் இருக்கும்போது மட்டும் சொல்லட்டும். தொட்டியின் கடைசித் துளிவரை ஓட்டிப் பார்க்க ஆசைப்படாதீர்கள். ட்ராக்கின் மறுகோடியில் எஞ்சின் அணைந்துவிட்டால், மார்ஷல் காரைத் தூக்கிக்கொண்டு பிட்டுக்கு வந்துசேர்ந்து எரிபொருள் ஊற்றி மறுபடி கிளப்புவதற்குள் ஒன்றுக்கு மேற்பட்ட லேப் போய்விடும். ஒரு முறை கூடுதலாக நிரப்ப ஆகும் நேரமோ சில வினாடிதான்.